திருகுக்கு நெறி வகுத்த ஹென்றி மாட்ஸ்லி

அறிவியல் பிரிவில் பயிலும் நம்மில் திருகு அளவியைக் கையால் தொடாதவர் எவருமிலர். திருகின் தலையை ஒரே திசையில் மட்டுமே திருப்ப வேண்டும். முன்னும் பின்னுமாக மாற்றித் திருப்பினால் பின்னடைவுப் பிழை புகும் என்று செய்முறைக் குறிப்பேட்டில் முன்னெச்சரிக்கையாக எழுதுகிறோம். அதற்கு மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, அதைக் குறைக்க யார் பாடுபட்டார் என்று கேட்கும் வழக்கம் நமக்கில்லை. நியூட்டனும் பாரடேயும் நம் மலரின் பக்கங்களில் அடிக்கடி வந்து போகிறார்கள். இரும்பு கடைந்து பிழைத்த ஒருவரின் வாழ்க்கை அதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே ஹென்றி மாட்ஸ்லியைப் பற்றி எழுதத் துணிந்தேன். கலைக் கல்லூரி மலரில் லேத்துப் பட்டறைக்கு என்ன வேலை என்று தோழர் ஒருவர் கேட்டார். படித்துவிட்டு அவரே சொல்லட்டும்.

மாட்ஸ்லி 1771ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இங்கிலாந்தில், தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள வுலிச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை படையில் சக்கரத் தச்சராக இருந்து, போரில் காயமுற்று, பின்பு வுலிச் படைக்கலச் சாலையில் பண்டகக் காப்பாளராக அமர்ந்தவர். ஏழு குழந்தைகளில் ஹென்றி ஐந்தாமவர். 1780இல் தந்தை மறைந்தார். பன்னிரண்டாம் வயதில் சிறுவன் அதே படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குச் சென்றான். இரண்டாண்டுகளுக்குப் பின் தச்சுப் பட்டறை. அதன்பின் பதினைந்தாம் வயதில் கொல்லுலை. அவருடைய கல்லூரி அதுதான். நம் வயதில், அதாவது பதினெட்டில், அவர் கை வேலையின் நேர்த்தி லண்டன் வரை பேசப்பட்டது.

அக்காலத்தில் லண்டனில் ஜோசப் பிராமா என்ற பொறிவல்லார் 1784இல் காப்புரிமை பெற்ற ஒரு புதுமையான பூட்டைச் செய்து விற்க முயன்று கொண்டிருந்தார். பூட்டின் அமைப்பு அருமை. ஆனால் அதைத் துல்லியமாகவும் மலிவாகவும் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. வுலிச் இளைஞனைப் பற்றிக் கேள்வியுற்று 1789இல் அழைத்தார். வந்தவனோ பதினெட்டு வயதுப் பையன். முறைப்படி ஏழாண்டு தொழில் பயின்ற சான்றும் இல்லை. பட்டறையின் பழந்தொழிலாளர்கள் இவனோடு சமமாக நின்று வேலை செய்ய ஒப்புவார்களா என்ற ஐயம் எழுந்தது. அங்கே தேய்ந்து பயனற்றுக் கிடந்த ஒரு வைஸைக் காட்டி, மாலை மணி அடிப்பதற்குள் இதைப் புதிதாக்கித் தருகிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்று இளைஞன் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுவர். மணி அடிக்குமுன் வைஸ் புதிதாயிற்று. வேலை கிடைத்தது. சான்றிதழ் இல்லாதவனுக்குக் கையே சான்றிதழ் ஆன இந்தச் செய்தியை, வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் நின்று பழகிய நம் அண்ணன்மார் எப்படிப் படிப்பார்களோ அறியேன்.

பிராமாவிடம் எட்டாண்டுகள் உழைத்தார். கடைச் சன்னலில் ஒரு பூட்டு வைக்கப்பட்டு, இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பலகை மாட்டப்பட்டது. அந்தப் பூட்டைச் செய்தது மாட்ஸ்லியின் கை. 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பதினாறு நாள்களில் பரவிய 51 மணி நேர முயற்சிக்குப் பின் திறக்கும் வரை அது எவருக்கும் இணங்கவில்லை. பிராமாவின் நீரழுத்தப் பொறியை நம் பாடநூலில் பாஸ்கல் விதியின் பயனாகப் படிக்கிறோம். அதன் உந்துதண்டு ஓரத்தில் நீர் கசிந்து தொல்லை தந்தபோது, அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையத்தை அமைத்தவர் மாட்ஸ்லி என்பர். பாடநூலில் பிராமாவின் பெயர் மட்டுமே இருக்கிறது.

இதற்கிடையே 1791இல் சாரா டிண்டல் என்ற பெண்மணியை மணந்தார், குடும்பம் பெருகியது. தலைமைத் தொழிலாளராக உயர்ந்திருந்தும் வாரக் கூலி பற்றிய பேச்சு 30 ஷில்லிங் என்ற தொகையைச் சுற்றியே நின்றது. 1797இல் உயர்வு கேட்டார், பிராமா மறுத்தார். மாட்ஸ்லி வெளியேறி வெல்ஸ் தெருவில் சிறு பட்டறை ஒன்றைத் திறந்தார். முதல் வேலை, ஓவியர் ஒருவருக்குச் சித்திரத் தாங்கிக்கான இரும்புச் சட்டம் என்று கூறுவர். சில ஷில்லிங்குகளைச் சேமிக்கப் போய்த் தம் காலத்தின் தலைசிறந்த கைவினைஞரை பிராமா இழந்தார் என்பது என் கருத்து.

இனித்தான் திருகின் கதை. அக்காலத்தில் ஒரு போல்ட்டையும் அதற்கேற்ற நட்டையும் ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல் செய்தது. ஒரு பொறியைக் கழற்றினால் எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்கு உரியது என்று அடையாளம் இட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீண்டும் பூட்டுவது பெரும்பாடு. பெரிய திருகுகளின் புரியை உளியாலும் அரத்தாலும் கண்ணளவில் வெட்டினர்.

மாட்ஸ்லி இதை மாற்றப் புகுந்தபோது கோழி முதலா, முட்டை முதலா என்ற சிக்கல் எதிர்ப்பட்டது. நல்ல திருகை வெட்ட நல்ல திருகு ஒன்று முன்னமே வேண்டும். அந்த முதல் திருகு எங்கிருந்து வரும்? அவர் மரம், வெள்ளீயம் போன்ற மெதுவான பொருளால் ஆன உருளையைச் சுழலவிட்டு, பிறை வடிவான கூரிய கத்தி ஒன்றைக் கணக்கிட்ட சாய்வில் அதன்மேல் அழுத்தினார். சாய்ந்து கடிக்கும் கத்தி, உருளை சுழலும்போது தானே பக்கவாட்டில் நகர்ந்து ஒழுங்கான சுருள்கோடு ஒன்றை வரைந்து செல்லும். இப்படிப் பெற்றவற்றில் சிறந்ததைத் தேர்ந்து, திருத்தி, எஃகில் எடுத்தார்.

அந்த எஃகுத் திருகை லேத்தின் நீளவாக்கில் பொருத்தினார். இதைத்தான் பட்டறையில் லீட் ஸ்க்ரூ என்கிறோம். கடைய வேண்டிய தண்டு சுழலும்போது பல்சக்கரங்கள் வழியே லீட் ஸ்க்ரூவும் சுழல்கிறது. அதன்மேல் ஏறிய நட்டு, உளி தாங்கியை இழுத்துச் செல்கிறது. உளியை மனிதன் பிடிப்பதில்லை. லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 புரி என்று கொள்வோம். அது ஒருமுறை சுழல்வதற்குள் தண்டு இருமுறை சுழலுமாறு சக்கரங்களை மாட்டினால், தண்டின்மேல் அங்குலத்துக்கு 8 புரி விழும். சக்கரத்தை மாற்றினால் புரியும் மாறும். ஒரே தாய்த்திருகிலிருந்து எத்தனையோ வகைத் திருகுகள். 1800ஆம் ஆண்டளவில் இந்த லேத்து முழுமை பெற்றது. இங்கிலாந்தில் ராம்ஸ்டனும், பிரான்சில் சினோவும், அமெரிக்காவில் வில்கின்சனும் இவ்வழியில் முயன்றவர்களே. எல்லாப் புகழையும் மாட்ஸ்லிக்கே தருவது நியாயமன்று. ஆனால் பட்டறையில் அன்றாடம் உழைக்கும் உறுதியான இரும்புப் பொறியாக அதை ஆக்கியதும், அதைக்கொண்டு தம் பட்டறைத் திருகுகள் யாவற்றுக்கும் ஒரே அளவு முறை வகுத்ததும் அவருடைய செயல்.

லீட் ஸ்க்ரூவில் ஒரு புரி சற்றே பிசகினாலும் அதனால் வெட்டப்படும் ஒவ்வொரு திருகிலும் அப்பிசகு மகனுக்குத் தந்தையின் சாயல் போல இறங்கும். இதை அவர் நன்கறிந்திருந்தார். வானியல் கருவிகளின் அளவுகோல்களைப் பிரிப்பதற்காக அவர் செய்த திருகு ஒன்று 5 அடி நீளமும் 2 அங்குல விட்டமும் உடையது. அங்குலத்துக்கு 50 புரி. கணக்கிட்டுப் பார்த்தேன்: மொத்தம் 3,000 புரிகள்! அதற்கு அவர் இட்ட நட்டு 12 அங்குல நீளம். 600 புரிகள் ஒருங்கே பற்றும். நட்டு நீளமாக இருந்தால் தனித்த ஒரு புரியின் பிழை மற்ற புரிகளுக்கிடையே பகிரப்பட்டுக் கரைந்துவிடுகிறது. நாம் ஒரே அளவைப் பலமுறை எடுத்துச் சராசரி காண்கிறோமே, அதை அவர் இரும்பிலேயே செய்துவிட்டார்.

திருகைத் தேர்ந்தெடுப்பதில் இன்றும் இதே சிந்தனைதான். ஒரு சுற்றுக்கு அதிகம் நகரும் திருகு வேகமானது. ஆனால் சுமை அதைப் பின்னோக்கித் தள்ளிச் சுழற்றிவிடக்கூடும். புரியின் சாய்கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருந்தால், கையை எடுத்தாலும் திருகு இருந்த இடத்திலேயே நிற்கும். லாரியைத் தூக்கும் ஜாக்கி நம் தலைமேல் இறங்காதிருப்பது இந்த விதியால். சதுரப் புரி குறைந்த உராய்வில் ஆற்றலைக் கடத்தும். ஆனால் தேய்ந்தால் இடைவெளியை ஈடுசெய்ய வழியில்லை. சரிந்த பக்கங்களையுடைய புரியில், இரண்டாகப் பிளந்த நட்டைச் சற்று நெருக்கி அதனை ஈடுசெய்யலாம். நம் பின்னடைவுப் பிழையின் பிறப்பிடம் திருகுக்கும் நட்டுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியேயன்றி வேறில்லை.

லாக் நட்டைப் பற்றியும் ஒரு சொல். போல்ட்டு ஒன்று, நட்டு இரண்டு; ஒன்றையொன்று எதிர்த்து இறுக்கினால் அதிர்விலும் கழலாது. எந்த நட்டும் எந்தப் போல்ட்டிலும் ஏறும் என்ற நிலை வந்தபின்தான் இந்த எளிய உபாயம் எல்லார் கைக்கும் எட்டியிருக்கும். இரண்டில் மெல்லிய நட்டு முதலிலும் தடித்தது மேலேயும் வர வேண்டும். ஏனெனில் இறுக்கியபின் சுமையைத் தாங்குவது மேல்நட்டே. பலர் மாற்றிப் போடுகின்றனர். முப்பதாண்டுகள் கடைசல் தொழிலில் இருக்கும் என் தந்தையார், நட்டுகள் போட்டிருக்கும் வரிசையைப் பார்த்தே பூட்டியவன் தொழில் கற்றவனா என்று சொல்லிவிடுவார். நைலான் வளையமிட்ட நட்டு இந்நாளில் வசதியானது. ஆனால் சுமார் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும் இடத்தில் அதை நம்பலாகாது.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். கப்பற்படைக்குப் பாய்மரக் கப்பிகளை இயந்திரத்தால் செய்யும் திட்டத்தோடு மார்க் புரூனல் என்ற பிரெஞ்சுக்காரர் மாட்ஸ்லியை நாடி வந்தார். தம் திட்டம் வெளியாகிவிடும் என்றஞ்சி, எதற்கென்று கூறாமலே வரைபடங்களைத் தந்தார். சில சந்திப்புகளுக்குள் அது கப்பி செய்யும் பொறி என்று மாட்ஸ்லி தாமே கண்டு சொல்லிவிட்டார். அதன்பின் ஒளிவுமறைவு இல்லை. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அவர் செய்தளித்த நாற்பதுக்கு மேற்பட்ட பொறிகள் 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகளைத் தந்தன. 110 பேர் செய்த வேலைக்குப் பத்துப் பேர் போதும் என்றாயிற்று. இதை நூல்கள் பெருமையாகவே எழுதுகின்றன. எஞ்சிய நூறு பேர் எங்கே போனார்கள் என்ற வினா எனக்கு எழுகிறது. தொழிலாளியாய் இருந்து கூலிக்காக வெளியேறிய மாட்ஸ்லிக்கும் அது எழுந்திருக்குமோ?

அவருடைய பட்டறையில் அளவைக் குறித்து வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு மேசைக் கருவி இருந்தது. திருகால் இயங்கும் அது அங்குலத்தின் பதினாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லையாதலால் லார்டு சான்சலர் என்று பெயர். தட்டையான உலோகப் பரப்புகள் ஒவ்வொரு தொழிலாளியின் மேசையிலும் இருந்தன. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று உராய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்திவிடலாம். மூன்றை மாற்றி மாற்றி உராய்த்தால் மூன்றும் தட்டையானால்தான் பொருந்தும். இம்முறை அவர் பட்டறையில் வழங்கியது என்பர்.

1810இல் பட்டறை லாம்பெத்துக்குப் பெயர்ந்தது. கப்பல்களுக்கான நீராவிப் பொறிகள் அங்கிருந்து புறப்பட்டன. பொறிகளைவிட ஆள்களை உருவாக்கியதே அவருடைய பெருஞ்செயல் என்று நான் எண்ணுகிறேன். பாபேஜின் கணிப்பொறிக்கு உறுப்புகள் செய்த கிளமெண்ட், நூற்பாலைப் பொறிகளைச் சீர்செய்த ராபர்ட்ஸ், நீராவிச் சம்மட்டி கண்ட நாஸ்மித், 1841இல் நாடு முழுமைக்கும் திருகுப் புரி அளவை முன்மொழிந்த விட்வொர்த் அனைவரும் அங்கே வேலை பார்த்தவர்களே. நாஸ்மித் 1829இல் தாமே செய்த சிறு நீராவிப் பொறி மாதிரியோடு வந்து நின்றார். மாட்ஸ்லி அதைப் பார்த்தார். தம் தனிப் பட்டறையிலேயே அவரை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். வைஸைப் புதுப்பித்துக் காட்டிய பையனை அவர் மறந்திருக்கவில்லை போலும்.

இறுதி ஆண்டுகளில் வானியலில் மனம் சென்றது. தாமே பெரிய தொலைநோக்கி ஒன்று செய்ய எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை. பிரான்சிலிருந்த நண்பரைக் கண்டு திரும்புகையில் கால்வாயைக் கடக்கும்போது குளிர் தாக்கி நோயுற்று, 1831 பிப்ரவரி 14ஆம் நாள் காலமானார். வுலிச்சில் மேரி மக்தலேன் ஆலய வளாகத்தில், தாமே வடிவமைத்த வார்ப்பிரும்பு நினைவுச் சின்னத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மக்களும் ஃபீல்டு என்ற பங்காளியும் நடத்திய நிறுவனம் 1900இல் மூடப்பட்டது. 1800ஆம் ஆண்டளவில் அவர் செய்த திருகு வெட்டும் லேத்து மட்டும் லண்டன் அறிவியல் காட்சியகத்தில், லீட் ஸ்க்ரூவோடு இன்றும் இருக்கிறது.