பூஸ்ட் மீட்டர் முள் ஏன் ஏறுது? புகையை வீணாக்க விடாத பியூக்கியின் கதை

குத்தம்பாக்கம் வழியா பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் லாரி, பஸ்களில் பெரும்பாலானவை டர்போ டீசல் வண்டிகள்தான். இந்த டர்போவைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா?

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1879-ல் பிறந்த இன்ஜினியர் ஆல்ஃபிரெட் பியூக்கி. இன்ஜின் சக்தியில் பெரும்பங்கு சூடான புகையோடு வீணாவது அவரை உறுத்தியது. அந்தப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு 1905-ல் காப்புரிமை கோரினார்.

ஆரம்ப முயற்சிகள் கைகொடுக்கல. ஆனாலும் விடவில்லை. சுமார் 20 வருஷம் கழித்து ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் ஜெயித்தார். இன்ஜின் திறன் 1,750-லிருந்து 2,500 குதிரைத்திறனாக எகிறியது. 1959-ல் அவர் மறைந்தார். அமெரிக்காவில் டர்போ கார்கள் விற்பனைக்கு வந்ததோ 1962-ல்!

பழைய காரின் பூஸ்ட் மீட்டர் காட்டுவது, டர்போ திணிக்கும் அந்தக் காற்றின் அழுத்தத்தைத்தான்.

ஐடிலிங்கில் டீசல் காரில் முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பெட்ரோல் காரில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். ரெண்டுமே கோளாறு இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து மேடு ஏறும்போதுதான் முள் எழும். 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

வழக்கத்தைவிடக் குறைவா காட்டினால், ஹோஸில் காற்று கசியலாம். அதிகமா ஏறினால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் சிக்கியிருக்கலாம். அப்போ வேகத்தைக் குறைச்சு, நேரா மெக்கானிக்கிட்ட போங்க. கவனிக்காம விட்டால் இன்ஜினே போயிடும்.