இரக்கம் பயிற்றிய ஆசிரியை சாவித்திரிபாய் பூலே

ஆண்டுதோறும் ஆனித் திங்களில் நம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நிகழ்கின்றது. மாடிகளிலிருந்து வீசப்பெறும் கனிகளை நம் பிள்ளைகள் ஓடியோடிப் பிடிக்கின்றனர். பசித்து வந்த அடியவர்க்குப் புனிதவதியார் கனியளித்த கதையையும் அவர்கள் அறிவர். ஆயினும் கதை கேட்பதனால் மட்டும் பிள்ளைகளின் உள்ளத்தில் இரக்கம் ஊறிவிடுவதில்லை. பெரியோர் செய்யக் கண்டு பிள்ளைகள் கற்கும் பாடம் அது. அப்பாடத்தைத் தம் வாழ்வினாலேயே நடத்திக் காட்டிய ஓர் ஆசிரியையின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மராட்டிய நாட்டில் சத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில், 1831 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3 ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். 1840 இல் சோதிராவ் பூலேயை மணந்தார். எழுத்தறியாதிருந்த அவருக்குக் கணவரே ஆசானாய் அமைந்தார். பின்னர் அவர் ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848 இல் புனே நகரில் பூலே இணையர் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியபோது அம்மையார் அதன் ஆசிரியையானார். பெண்ணும் தாழ்த்தப்பட்டோரும் கற்பதைப் பொறாத வைதிகர், வழியில் அவர்மீது சாணமும் சேறும் எறிந்தனர். அவரோ மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார்.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகர், மாங்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும் பூலே இணையர் பள்ளிகள் அமைத்தனர். அங்குப் பயின்ற மாங்கு வகுப்புச் சிறுமி முக்தாபாய் தம் 14 ஆம் வயதில் எழுதிய கட்டுரை, 1855 இல் ஞானோதயா என்னும் இதழில் வெளிவந்தது. ஒண்டுதற்குக் கூரையின்றி மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தாய்மாரின் வேதனையை அச்சிறுமி அதில் எடுத்துரைத்தார். கல்வி அவருக்கு எழுத்தை மட்டுமா தந்தது? பிறர் நோவைத் தம் நோவாக உணர்ந்து, அதனை ஊரறியச் சொல்லும் துணிவையும் தந்ததன்றோ!

அந்நாளில் மறுமணம் மறுக்கப்பட்ட இளம் கைம்பெண்கள், வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றால், பழிக்கு அஞ்சித் தம் குழந்தையைக் கொல்லவோ தாமே மாளவோ நேர்ந்தது. அவர்கள் மறைவாகப் பிள்ளை பெற்றுச் செல்லும் பொருட்டுப் பூலே இணையர் 1863 இல் இல்லம் ஒன்றைத் தொடங்கினர். தம்மீது சாணம் எறிந்த அதே குலத்துப் பெண்களுக்கும் அம்மையார் தாயானார். அவ்வாறு அடைக்கலம் புகுந்த காசிபாய் என்னும் பார்ப்பனக் கைம்பெண்ணின் மகனை 1874 இல் தத்தெடுத்து, யசுவந்த் எனப் பெயரிட்டு வளர்த்தார். 1868 இல் தம் வீட்டு நீர்நிலையைத் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்துவிட்ட வீடு அது. அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இரக்கம் தனிப்பாடமாக வேண்டியதில்லை.

1876 இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்றனர். அக்காலத்தே வறுமை துரத்த, எண்ணற்ற தமிழர் இக்காரைக்கால் துறையிலேயே கப்பலேறி, ரீயூனியன், குவாதலூப் தீவுகளுக்குக் கூலிகளாய்ச் சென்றனர். அதே பஞ்சம் மராட்டிய நாட்டையும் வாட்டியபோது, பூலே இணையர் அன்பர் துணையோடு உணவு விடுதிகள் அமைத்துப் பசித்தோர்க்குச் சோறிட்டனர்.

1890 இல் கணவரை இழந்த பின்னும் அம்மையாரின் தொண்டு ஓயவில்லை. 1897 இல் புனேயில் பிளேக் நோய் பரவியது. மருத்துவராகியிருந்த யசுவந்த், ஊர்ப்புறத்தே மருத்துவ நிலையம் அமைத்தார். முந்துவா என்னும் ஊரின் சேரியில் பாண்டுரங்கன் என்னும் சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்த அம்மையார், 66 வயதில் அவனைத் தம் முதுகில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிய அம்மையார் மார்ச்சுத் திங்கள் 10 ஆம் நாள் மறைந்தார். யசுவந்தும் பின்னாளில் பிளேக் நோயாளர்க்குத் தொண்டு செய்தே உயிர் நீத்தார். தாய் கற்பித்த பாடத்தை மகன் மறக்கவில்லை.

இளைஞர்களே! நெடுங்காலம் பிறர் இரக்கத்திற்குக் காத்து நிற்குமாறு வைக்கப்பட்ட குலம் நம்முடையது. அதனால் இரக்கம் என்னும் சொல்லே நம்மில் சிலர்க்குக் கசக்கின்றது. மேலிருந்து வீசப்படும் பிச்சை வேறு. உடனிருந்து சுமக்கும் தோள் வேறு. அம்மையார் கற்பித்தது பின்னதையே. நம்மவருள் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்தோர் பலர். அவருள் தாம் பிறந்த தெருவை மறந்தோரும் உளர் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். அவ்வாறு மறப்பவர்களை உருவாக்கவா நாம் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் நிதி திரட்டினோம்?

ஆகவே மூத்த மாணவர் நாள்தோறும் இளையவர் ஒருவருக்குப் பாடம் சொல்லித் தருக. படித்து முடித்த நூலை அடுத்தவருக்கு அளித்திடுக. பள்ளிக்கு வாராத பிள்ளையின் வீட்டிற்குச் சென்று காரணம் வினவுக. நோயுற்றோரைக் காணச் செல்லும்போது பெற்றோர் தம் பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்க. இத்தகைய பிள்ளைகள் நம் தெருவில் வளர்வரேல், அதுவே நம் கழகத்தின் உண்மையான வெள்ளி விழாவாகும்.