ஒன்பதாவது பிள்ளையின் பாட்டு

இசையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. கல்லூரி விழாக்களில் கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டுவதோடு என் இசைப்பணி முடிந்துவிடும். இருந்தும், மறைந்த புகழாளர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுப் பேராசிரியர் பணித்தபோது, நண்பர்கள் தலைவர்களையும் புலவர்களையும் பங்கு போட்டுக்கொள்ள, நான் ஒரு ஜப்பானியப் பாடகரின் பெயரைக் கொடுத்தேன். ஐயா என்னைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, சரி எழுது என்றார்.

காரணம் இதுதான். நான் காலையில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து, பிற்பகல் இரண்டாம் சுழற்சியில் படிப்பவன். சென்ற ஆண்டு இரண்டு தாள்களில் தவறிய செய்தி வந்த நாளில், கடையில் உடன் வேலை செய்யும் அண்ணன் தன் கைபேசியில் ஒரு பழைய பாட்டைப் போட்டார். மொழி புரியவில்லை. நடுவே யாரோ சீட்டியடித்தார்கள். இவனுக்கென்ன, மகிழ்ச்சியாகப் பாடுகிறான் என்று எரிச்சல்தான் வந்தது. அது அழுகையை அடக்கிக்கொண்டு பாடும் பாட்டு என்று பின்னர் அறிந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

பாடியவர் கியூ சகாமோட்டோ. டோக்கியோவை அடுத்த கவாசாக்கி என்னும் தொழில் நகரில் 1941 டிசம்பர் 10 அன்று பிறந்தார். ஜப்பானியத் தேதிக் கணக்கில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி அவர். ஒன்பது என்னும் எண்ணுக்குரிய எழுத்தையே பெயராக வைத்தார்கள். அவ்வெழுத்தை ஹிசாஷி என்றும் படிக்கலாம், கியூ என்றும் படிக்கலாம். நாடு அவரைக் கியூ என்றே அழைத்தது. போர்க்காலத்தில் குழந்தையை எடுத்துக்கொண்டு தாய் தன் ஊரான கசாமாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் பெற்றோர் பிரிந்தபோது, தாயின் குடும்பப் பெயரான ஓஷிமா மகனுக்கும் அமைந்தது.

போருக்குப் பின் அமெரிக்கப் படைகளோடு அமெரிக்கப் பாட்டும் ஜப்பானுக்குள் வந்தது. பள்ளி மாணவன் கியூவுக்கு எல்விஸ் பிரெஸ்லி மீது பித்து. 1958இல் டிரிஃப்டர்ஸ் என்ற குழுவிலும், பிறகு டேனி ஈடா நடத்திய பாரடைஸ் கிங் குழுவிலும் சேர்ந்தார். கிதாரை இடுப்பில் தாங்கி, சொற்களை உடைத்து உடைத்துப் பாடும் ராக்கபில்லி பாணி அவருக்குக் கைவந்தது. ஜப்பானிய ராக் இசையின் தொடக்கக் காலம் அது.

1961இல் ரொக்குசுகே ஏய் என்ற கவிஞர் எழுதி, ஹச்சிடாய் நாகமூரா என்ற ஜாஸ் பியானோ கலைஞர் இசையமைத்த பாட்டு 19 வயதுக் கியூவிடம் வந்தது. மேலே பார்த்து நடப்போம் என்பது தலைப்பின் பொருள். சொற்களை இழுத்தும் விக்கியும் அவர் பாடியதைக் கேட்ட கவிஞருக்குக் கடுங்கோபம். தம் பாட்டைப் பையன் கேலி செய்கிறான் என்றே எண்ணினார். எனக்கோ அந்த விக்கல்தான் பாட்டின் உயிர். தொண்டை அடைத்தவன் வேறு எப்படிப் பாடுவான்?

கவிஞரின் கோபத்துக்கு நியாயம் உண்டு. அமெரிக்காவோடு ஜப்பான் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960இல் மாணவர்களும் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 15 அன்று நாடாளுமன்றத்தின் வாயிலில் நடந்த மோதலில் கன்பா மிச்சிகோ என்ற டோக்கியோ பல்கலைக்கழக மாணவி இறந்தார். அவருக்கு வயது 22. உடன்படிக்கை நிறைவேறியது, போராட்டம் தோற்றது. அதில் பங்குகொண்ட ஏய், போராட்டம் ஒன்றிலிருந்து வீடு திரும்பி நடந்த துயரத்தைத்தான் பாட்டாக்கினார். பாட்டில் அரசியல் சொல் ஒன்றுகூட இல்லை. இரவில் தனியே நடக்கும் ஒருவன் மட்டுமே இருக்கிறான்.

இனி நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்தின் கென்னி பால் குழு இந்த மெட்டை வாத்திய இசையாகப் பதிவு செய்தது. ஜப்பானியத் தலைப்பு மக்கள் வாயில் நுழையாது என்று கருதிய இசைத்தட்டு நிறுவனத்தார் அதற்குச் சுகியாக்கி என்று பெயரிட்டார்கள். அது மாட்டிறைச்சியும் காய்கறியும் சேர்த்துச் சமைக்கும் ஓர் உணவு. நம் ஊர் ஒப்பாரி ஒன்றை எடுத்து, வெண்பொங்கல் என்று பெயரிட்டு வெளிநாட்டில் விற்றால் எப்படி இருக்கும்? அதே பெயருடன் கியூவின் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்து, பில்போர்டு இதழின் தரவரிசையில் முதலிடம் பிடித்து மூன்று வாரங்கள் நின்றது. ஜப்பானிய மொழியில் பாடப்பட்ட வேறெந்தப் பாட்டும் இன்றுவரை அந்த இடத்தை எட்டவில்லை. முதலிடம் கிடைத்த இதழின் தேதி 1963 ஜூன் 15. அந்த மாணவி இறந்து சரியாக மூன்று ஆண்டுகள். எந்த நாட்டோடு செய்த உடன்படிக்கைக்காக அவர்கள் தெருவுக்கு வந்தார்களோ, அந்த நாடே, பொருள் தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு அப்பாட்டைக் கேட்டது. இது தற்செயல்தான், ஆயினும் வரலாற்று மாணவனான என்னால் இதைக் கடந்து போக முடியவில்லை.

உலகம் அவரை இந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிட்டது. ஜப்பானியர் நிறுத்தவில்லை. நாளை இருக்கிறது என்ற பொருள்படும் வேடிக்கைப் பாட்டு ஒன்று 1963இல் வந்தது. மனத்துக்குப் பிடித்த பெண்ணிடம் பேச அஞ்சி, நாளை பேசலாம் என்று தள்ளிப்போடும் மாணவனின் கதை. (நம் பேருந்து நிறுத்தத்தில் அவனுக்கு உறவினர் பலர் உண்டு.) 2001இல் உல்ஃபுல்ஸ் என்ற ராக் குழு அதை மீண்டும் பாடிப் பரப்பியது. முந்திய பாட்டையும் ஆர்சி சக்செஷன் குழு ராக் பாட்டாகவே மேடைகளில் முழங்கியது. மகிழ்ச்சியாக இருந்தால் கைதட்டு என்று நம் மழலையர் வகுப்புகளில் ஆங்கிலத்தில் பாடுகிறார்களே, அந்த மெட்டை 1964இல் ஜப்பான் முழுதும் பரப்பியதும் இவர்தான்.

எனக்கு மிக நெருக்கமானது இரவின் விண்மீன்களை நிமிர்ந்து பார் என்ற பாட்டு. பகலில் உழைத்து இரவுப் பள்ளியில் படிக்கும் இளைஞர்களைப் பற்றி 1960இல் அரங்கேறிய இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது. கியூ 1963இல் அதைப் பாடி, அதே பெயருடைய படத்தில் நடிக்கவும் செய்தார். காலைச் சுழற்சி மாணவன் கிறுக்கிவிட்டுப் போன பெஞ்சில் பிற்பகலில் அமரும் எங்களுக்கு அப்பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புகழ் தணிந்த பின்னும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1971இல் நடிகை யுக்கிகோ காஷிவாகியை மணந்து இரண்டு பெண்களுக்குத் தந்தையானார். தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தொடருக்குக் கதை சொன்னார். 1976 முதல் ஹொக்கைடோவில் ஊனமுற்றோர் நலனுக்கான நிகழ்ச்சியை நடத்தினார். காது கேளாதோருக்காகச் சைகை மொழியோடு பாடினார்.

1985 ஆகஸ்டு 12 மாலை 6.12 மணிக்கு டோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் அவர் இருந்தார். நண்பர் ஒருவரின் தேர்தல் வேலைக்காகப் பயணம். 7 ஆண்டுகளுக்கு முன் சரியாகப் பழுதுபார்க்கப்படாத பின்புறத் தடுப்புச் சுவர் வெடித்து, வால் பகுதி பிய்ந்தது. கட்டுப்பாடிழந்த விமானம் அரைமணிக்கு மேல் தடுமாறி, குன்மா மாவட்ட மலையில் மோதியது. 524 பேரில் 520 பேர் மாண்டனர். கியூவுக்கு வயது 43.

அவருடைய கடைசி இசைத்தட்டு அதற்கு மூன்று மாதம் முன்புதான் வெளிவந்திருந்தது. இதயத்தின் கண் என்று பொருள்படும் அப்பாட்டு அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பாடிப் பரப்ப அவருக்குக் காலமும் இல்லை. பின்னர் இசையாசிரியர்கள் அதைச் சேர்ந்திசையாக்கிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மறைந்த பின் பிறந்த பிள்ளைகள் அதை வகுப்பில் கற்றுக்கொண்டு, பள்ளியை விட்டுப் பிரியும் நாளில் ஒன்றாக நின்று பாடினார்கள்.