பாரிஸ் மாநகரைப் புதுக்கிய ஹௌஸ்மான்

நகரங்களை ஆக்கினோர் பெயர் மறைந்துபோக, அவர் ஆக்கிய தெருக்கள் மட்டும் எஞ்சி நிற்பது உலகியல்பு. அவ்வியல்புக்கு விலக்காய், ஒரு மாநகரின் தெருக்களோடு தம் பெயரும் பிரிக்கவொண்ணாது பிணைந்து நிற்கப் பெற்றவர் ஜார்ஜ் யூஜேன் ஹௌஸ்மான் என்னும் பிரஞ்சு அறிஞர். அவரைப் புகழ்ந்தோரும் பலர்; இகழ்ந்தோரும் பலர். இருதிறத்தாரும் சுட்டுவது ஒன்றே; அஃது அவர் செலவிட்ட பெரும்பொருள். அப்பொருளால் நகருக்கு விளைந்த பயன் யாது, அப்பயனை எவ்வாறு அளப்பது என்னும் வினா அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. ஆதலின் அவ்வினாவையே வழித்துணையாகக் கொண்டு அவர் வரலாற்றைச் சுருங்க வரையப் புகுகின்றோம்.

ஹௌஸ்மான் 1809-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். அவர் முன்னோர் அல்சேஸ் நாட்டிலிருந்து வந்த புராடெஸ்டண்டு குடும்பத்தினர். சட்டம் பயின்று, 1831-இல் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, சிறிய ஊர்கள் பலவற்றிற் பணியாற்றிப் படிப்படியே உயர்ந்து, வார், யோன், ஜிரோந்து என்னும் மூன்று மாவட்டங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமை அதிகாரியாக விளங்கினார். நெடிய உருவமும், தளரா உழைப்பும், பிறர் சொல்லுக்கு எளிதில் வளையாத மனமும் அவருக்கு இயல்பாய் அமைந்திருந்தன.

அக்காலத்துப் பாரிஸ் நகரமோ பெயரளவில் மட்டுமே பெருமையுடையதாயிருந்தது. குறுகிய சந்துகள், ஒளியும் காற்றும் புகாத வீடுகள், கழிவுநீர் கலந்த ஆற்றுநீர் ஆகிய இவற்றிடையே பத்திலட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். 1832-இல் வந்த வாந்திபேதி அந்நகரில் மட்டும் 18,000-க்கு மேற்பட்டோரை மாய்த்தது. 1849-இல் அந்நோய் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு சென்றது. சரக்கு வண்டிகள் நகரின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்லுதல் பெரும்பாடாயிருந்தது. புகைவண்டி நிலையங்கள் தோன்றியும், அவற்றை நகரின் நடுவோடு இணைக்கும் தக்க வீதிகள் இல்லை.

மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி இந்நிலையை மாற்ற உறுதி கொண்டார். ஆனால் அப்பொழுது நகரத் தலைமையில் இருந்த பெர்ஜே என்பார் கடன் வாங்கி நகருக்குச் சுமையேற்ற இசைந்திலர். ஆகவே 1853-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரை நீக்கி, ஹௌஸ்மானை ஸேன் மாவட்டத்தின் தலைமை அதிகாரியாகச் சக்கரவர்த்தி நியமித்தார். தாம் விரும்பிய வீதிகளைப் பல நிறங்களால் தீட்டிய படமொன்றையும் அவர் கையில் அளித்தார்.

ஹௌஸ்மான் கைக்கொண்ட பொருளியற் கொள்கை ஆராயத்தக்கது. வரவுக்குள் செலவை அடக்குதலே நல்ல நிருவாகம் என்பது பழைய கொள்கை. அவரோ, பயன் விளைக்கும் செலவு செலவன்று, விதைப்பே என்று கருதினார். கடன் வாங்கி வீதி திறந்தால் வாணிகம் பெருகும். மக்கள் வந்து குடியேறுவர். நகர வாயிலில் பண்டங்களின்மேல் வாங்கும் சுங்கம் தானே உயரும். வரி விகிதத்தை உயர்த்தாமலே அவ்வுயர்வினின்று கடனையும் வட்டியையும் செலுத்தலாம் என்பது அவர் கணக்கு.

இக்கணக்கை நம்பி அவர் செய்த வேலைகள் மலைப்பூட்டுவன. ரிவோலி வீதி நீண்டது. 1858-இல் செபாஸ்டபோல் பெருவீதி திறக்கப்பட்டது. பெல்கிரான் என்னும் பொறியாளர் நிலத்தடியில் கழிவுநீர்க் கால்வாய்களைப் பரப்பித் தொலைவிலுள்ள ஊற்றுகளிலிருந்து நன்னீரையும் கொணர்ந்தார். அல்பான் என்பார் பூங்காக்களை அமைத்தார். ஹௌஸ்மான் தாம் பிறந்த வீட்டையும் இடித்து வீதிக்கு வழிவிட்டார் என்பது அவர் மனவுறுதிக்குச் சான்று. பதினேழு ஆண்டுகளில் ஏறத்தாழ 250 கோடி பிராங்கு செலவாயிற்று.

இனிப் பயனை அளக்கப் புகுவோம். சுங்க வருவாய் பெருகியது உண்மை. மக்கள்தொகை 18 இலட்சத்தை எட்டியதும் உண்மை. ஆயினும் 1860-ஆம் ஆண்டில் சுற்றுப்புற ஊர்கள் நகரோடு சேர்க்கப்பட்டபோதே மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் நகரத்தார் ஆயினர்; அவர்கள் உண்ணும் பொருளுக்கும் குடிக்கும் மதுவுக்கும் சுங்கம் விழுந்தது. எல்லைக்கல்லைத் தள்ளி நட்டதனால் வந்த வருவாயைப் பெருவீதி ஈன்ற வருவாயோடு ஒன்றாக எண்ணுதல் தகுமோ? தகாதென்றே யாம் கருதுகின்றோம்.

இங்கே மற்றொரு பிரஞ்சுக்காரரை நினைத்தல் பொருத்தமுடைத்து. ஜூல் துப்யுயி என்னும் பொறியாளர் 1844-இல், பொதுப்பணிகளின் பயனை அளக்கும் முறையைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பாலத்தின் பயன் அது திரட்டும் சுங்கம் அன்று. அதனைப் பயன்படுத்துவோர் அதன்பொருட்டு எவ்வளவு கொடுக்க இசைவாரோ, அதனின்று அவர் கொடுக்கும் விலையைக் கழித்து நிற்பதே அவர் அடையும் ஆதாயம். ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாறும் பணம் புதிய பயன் ஆகாது. இஃது அவர் கொள்கையின் சாரம். ஹௌஸ்மான் பதவியேற்ற காலத்தில் துப்யுயி அந்நகரத்திலேயே தலைமைப் பொறியாளராயிருந்தார் என்பது வியத்தற்குரியது. அளவுகோல் அருகிலேயே இருந்தும், நகரம் சுங்கப் பெட்டியைக் கொண்டே தன் பயனை அளந்தது.

பயன் யாரைச் சேர்ந்தது என்பதும் கருதற்பாலது. புதிய வீதியின் இருமருங்கிலும் நிலவிலை பன்மடங்கு ஏறியது. தேவைக்கு மேற்பட்ட நிலத்தையும் முதலில் நகரமே வாங்கி, வீதி முடிந்தபின் உயர்ந்த விலைக்கு விற்றுச் செலவை ஈடுசெய்யலாம் என்று ஹௌஸ்மான் எண்ணியிருந்தார். 1858-இல் வெளியான ஓர் ஆணை, வீதிக்கு வேண்டாத நிலத்தைப் பழைய உரிமையாளரிடமே திருப்பியளிக்கும்படி செய்தது. அன்றுமுதல் வீதிச் செலவு நகரத்தாருடையதும், விலையேற்றம் நிலக்கிழார்களுடையதும் ஆயின. நஷ்டஈட்டை மதிப்பிட்ட நடுவர்களும் சொத்துடையோரே. ஆதலின் ஈட்டுத்தொகையும் ஏறியது.

இழந்தோர் கணக்கோ எங்கும் எழுதப்படவில்லை. நகரின் நடுத்தீவாகிய சித்தேயில் 15,000 பேர் வாழ்ந்திருந்தனர். இடிப்புக்குப்பின் எஞ்சினோர் 5,000 பேரளவே. ஏனையோர் வாடகை ஏற, தம் தொழிலிடத்தைவிட்டு நகரின் ஓரங்களுக்குச் சென்றனர். கட்டடத் தொழில் பல்லாயிரவர்க்குக் கூலியளித்தது என்பதும் மறுக்கலாகாது. ஆனால் அக்கூலி பெற்ற கொத்தன் தான் எழுப்பிய மாளிகையில் குடியிருக்க இயலாதவனாயினான்.

கடன் வழியும் நாளடைவில் கோணியது. வேலை முழுவதையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டு, பணத்தைப் பின்னர்த் தவணையாகச் செலுத்துவதாக நகரம் பத்திரம் அளித்தது. அவர் அதனை வங்கியில் மாற்றிக்கொண்டார். சட்டசபையின் இசைவின்றியே இவ்வாறு வளர்ந்த கடன் ஏறத்தாழ 40 கோடி பிராங்காயிற்று. ஜூல் பெரி என்னும் இளைஞர் 1868-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு இம்மறைகணக்கை நகைச்சுவையோடு வெளிப்படுத்தினார். மறு ஆண்டு சட்டசபையில் கடும் விவாதம் நிகழ்ந்தது. 1870 ஜனவரியில் புதிய மந்திரிசபை ஹௌஸ்மானைப் பதவியினின்று நீக்கியது.

அதன்பின் சில ஆண்டுகள் கார்சிகா தீவின் பிரதிநிதியாகச் சட்டசபையில் இருந்து, முதுமையில் தம் நினைவுக் குறிப்புகளை எழுதி, மனைவி இறந்த சில வாரங்களில், 1891 ஜனவரி 11-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அவரை வீழ்த்திய குடியரசுக் கட்சியினரே அவர் விட்ட வீதிகளை முடித்தனர் என்பது விதியின் விளையாட்டு. அவர் பெயர் தாங்கிய பெருவீதி 1927-இல்தான் முற்றுப்பெற்றது. அவர் விட்டுச் சென்ற கடனோ 1929-இல்தான் தீர்ந்தது.

அவர் கணக்கு சரியோ பிழையோ என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற யாம் துணியோம். தூய நீரும், அகன்ற வீதியும், மரநிழலும் பல தலைமுறையினர் துய்த்த செல்வம். எச்சுங்கப் பெட்டியிலும் அது விழவில்லை. துரத்தப்பட்ட குடிகளின் துயரும் எச்செலவேட்டிலும் ஏறவில்லை. வரவிலும் குறை, செலவிலும் குறை. இரண்டையும் நிறைக்காமல் மிச்சம் காண்பது எங்ஙனம்?

பொருள் வரும் வழியை ஆக்குதலோடும் அதனைத் திரட்டிக் காத்தலோடும் நில்லாது, தக்கவாறு பகுத்தளித்தலையும் அரசின் தொழிலாக வைத்தார் எம் வள்ளுவர். ஹௌஸ்மான் முதல் மூன்றிலும் வல்லவர். நான்காவதில் அவர் நகரம் தவறிற்று. எம் கல்லூரித் தோழருள் நாளை நகராட்சியிலும் அரசாங்கத்திலும் அமர்வோர் பலர் இருப்பர். பெருவீதியொன்றின் படத்தை அவர்கள்முன் விரிக்கும் நாளில், அது யார்க்கு எவ்வளவு கொடுக்கும் என்பதோடு, யாரிடமிருந்து எவ்வளவு கொள்ளும் என்பதையும் உசாவுவாராயின், ஹௌஸ்மானின் வரலாற்றை யாம் எழுதியதும் அவர் படித்ததும் வீண்போகா.