கரைந்து மறையும் நூல்

கிழிந்த ஆடையைத் தைத்த நூல் அவ்வாடையோடு நிலைத்திருத்தல் நன்று. மனித உடலைத் தைத்த நூலோ, தன் கடமை முடிந்ததும் மறைந்துவிடுதல் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து செயற்படுத்திய பெருந்தகை ஜோசப் லிஸ்டர் ஆவார்.

லிஸ்டர் 1827-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தையார் வணிகர். நுண்பெருக்காடியைச் சீர்திருத்திப் புகழ் பெற்றவர். சிறு பொருளையும் ஊன்றி நோக்கும் பழக்கம் மைந்தருக்கும் வாய்த்தது. இலண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், 1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்ந்தார்.

அக்காலத்தில் அறுவைக்குப் பின் புண் சீழ்பிடித்து இறந்தவர் மிகப் பலர். பிரெஞ்சு அறிஞர் பாஸ்டரின் ஆராய்ச்சிகளைப் படித்த லிஸ்டர், கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளே இதற்குக் காரணம் எனத் தெளிந்தார். 1865-இல் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் புண்ணைக் கார்பாலிக் அமிலம் தோய்ந்த துணியால் மூடிக் காத்தார். சிறுவன் காலை இழவாமலே நலமுற்றான்.

எனினும், ஓர் இடர் எஞ்சி நின்றது. அந்நாளைய மருத்துவர்கள் குருதிக்குழாயைப் பட்டுநூலால் கட்டி, நூலின் முனைகளைப் புண்ணுக்கு வெளியே தொங்கவிடுவர். நூலின் வழியே சீழ் பரவும். கட்டுக் கழலும்போது குருதி பீறிட்டு உயிர் போதலும் உண்டு. லிஸ்டர் நூலைக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்துக் கட்டி, முனைகளைக் குறுக வெட்டிப் புண்ணை மூடினார். 1868-இல் இம்முறையால் நலமுற்ற பெண்மணி ஒருவர், சில திங்கள் கழித்து வேறொரு குருதிக்குழாய் வெடித்து இறந்தார். அவருடலை ஆராய்ந்தபோது, பட்டு முடிச்சின் அருகே சீழ் போன்ற நீர் சிறிது காணப்பட்டது. மரணத்திற்கு அது காரணமன்று. ஆயினும், லிஸ்டர் அச்சிறு குறையைப் புறக்கணிக்கவில்லை.

உடலே கரைத்துவிடும் நூலை நாடிய அவர், ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யும் நாணைத் தேர்ந்தார். பிடிலுக்கு நரம்பாகப் பூட்டியதும் இத்தகைய நாணே. அதனைக் கார்பாலிக் அமிலத்தால் தூய்மை செய்து, ஒரு கன்றின் கழுத்துக் குருதிக்குழாயைக் கட்டினார். ஏறக்குறைய ஒரு திங்கள் சென்றபின் சோதித்தபோது, நாண் இருந்த இடத்தில் உயிருள்ள இழைகள் வளர்ந்திருந்தன! ஆயினும், புண் ஆறுமுன்னரே நாண் கரைந்துவிடுதலும் உண்டு. பல்லாண்டு முயன்ற லிஸ்டர், குரோமிக் அமிலத்தால் பதப்படுத்திய நாண் மெல்லக் கரைவதைக் கண்டு, 1881-இல் அதனை அறிஞர் அவையில் விளக்கினார்.

1912-ஆம் ஆண்டு பிப்பிரவரி 10-ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். கிளைக்காலிக் அமிலத்திலிருந்து ஆக்கிய செயற்கை நூல்கள் 1970-களில் பரவலாயின. அவை உடலிலுள்ள நீரால் சிறுகச் சிறுகச் சிதைந்து மறைகின்றன. இன்று சில நூல்களின்மேல் கிருமியைத் தடுக்கும் பூச்சும் இடப்படுகிறது. பொருள்கள் மாறினும், வேண்டுங்காலம் வரை தாங்கிப் பின்னர் மறையவேண்டும் என்னும் நெறி மாறவில்லை. பிறர் கண்ணுக்குப் படாத ஒரு துளிக் குறையையும் பொறாத உள்ளமே எண்ணற்ற உயிர்களைக் காத்தது.