விளக்கேந்திய அம்மையாரின் வினாக்கள்

புதுக்கடை நீதிமன்றங்களில் நெடுங்காலம் துவிபாஷியாகக் கடமை பார்த்தவன் நான். கூண்டில் நிற்கும் சாட்சியின் தமிழை ஆங்கிலமாக்கியும், நியாயவாதியின் ஆங்கிலத்தைத் தமிழாக்கியும் காலங்கழித்தேன். அத்தொழிலுக்கு வருவோர் முதலிற் கற்கும் பாடங்களுள் ஒன்று உண்டு. தன் பக்கத்துச் சாட்சியை முதலில் விசாரிக்கும் நியாயவாதி, விடையை வினாவுக்குள்ளேயே வைத்துக் கேட்கலாகாது. கேட்டால் எதிர்த்தரப்பார் எழுந்து ஆட்சேபிப்பர். கத்தி அவன் கையில் இருந்ததல்லவா என்பது பிழையான வினா. அவன் கையில் எதையேனும் கண்டீரா என்பதே முறையான வினா. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இதனை விதியாகவே வகுத்து வைத்திருக்கிறது.

அச்சட்டம் பிறப்பதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே இதே விதியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் நியாயவாதி அல்லர். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். கையில் விளக்கேந்தி இரவில் நோயாளரைச் சுற்றி வந்த உருவமாகவே அவரை நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் காட்டின. அவ்விளக்கு பொய்யன்று. ஆயினும் அவ்விளக்கின் வெளிச்சத்தில் அவருடைய வேறொரு பெரும் பணி மறைந்துபோயிற்று என்பது என் எண்ணம்.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் தேதி இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரில், செல்வந்தரான ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. தந்தையார் வீட்டிலேயே அவருக்கு மொழிகளும் வரலாறும் கற்பித்தார்; கணிதத்தில் அவருக்குத் தீராத பற்று. நோயாளரைப் பராமரிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது வீடு கலங்கியது. அக்காலத்து ஆங்கில ஆஸ்பத்திரித் தாதி என்றால் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உடையவள் என்பதே பொதுமக்கள் கருத்து. பல ஆண்டுகள் போராடிய பின், 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வேர்த் என்னும் இடத்தில் மூன்று மாதப் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான ஒரு சிறு மருத்துவ நிலையத்தின் தலைமை அவரிடம் வந்தது.

அடுத்த ஆண்டே பிரித்தானியா கிரிமிய யுத்தத்தில் இறங்கியது. 38 தாதியரோடு புறப்பட்டு, 1854 நவம்பர் முதல் வாரத்தில் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரிப் படை ஆஸ்பத்திரியை அடைந்தார். அங்கு அவர் கண்ட அழுக்கையும் பட்டினியையும் பலரும் எழுதியுள்ளனர். நான் மீண்டும் எழுத வேண்டியதில்லை. பலர் விரைந்து கடந்துபோகும் ஓர் உண்மையை மட்டும் சொல்லவேண்டும். அம்மையார் வந்து சேர்ந்த பின்னரும் அங்கே சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பெப்ரவரியில் அது நூற்றுக்கு 40ஐத் தாண்டிற்று. மார்ச்சு மாதத்திலே சுகாதார ஆணைக்குழுவினர் வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டத்துக்கும் வழி செய்த பின்னரே சாவு மளமளவென்று இறங்கியது.

அம்மையார் இதனை அங்கேயே உணர்ந்துவிடவில்லை. பசியாலும் குளிராலும் தேய்ந்து, சாகும் நிலையிலேயே வீரர் வந்து சேர்கின்றனர் என்றுதான் அவரும் நம்பியிருந்தார். 1856இல் தாயகம் மீண்டு, வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞரோடு இருந்து கணக்குகளை வரிவரியாகப் பார்த்தபோதே உண்மை புலப்பட்டது. காயத்தால் இறந்தோர் சிலர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் மிகப் பலர். மாதத்துக்கு ஓர் ஆப்பாக வட்ட வடிவில் வரைந்து, தடுக்கக்கூடிய நோய்க்கு நீலமும் காயத்துக்குச் சிவப்பும் மற்றவைக்குக் கறுப்பும் தீட்டி, 1858இல் அதனை வெளிப்படுத்தினார். நீலமே ஏனையவற்றை விழுங்கி நின்றது. தன் கண்முன் நடந்ததைத் தானே பிழையாக விளங்கிக்கொண்டிருந்தேன் என்று அறிந்த ஒருவர், பிறகு எந்தச் சொல்லையும் இலகுவில் நம்புவாரா?

1859இல் வெளிவந்த தாதிமைக் குறிப்புகள் என்னும் அவருடைய சிறு நூலை அந்த நினைவோடுதான் படிக்கவேண்டும். தொழில்முறைத் தாதியருக்காக அன்றி, வீட்டில் நோயாளரைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காகவே அதனை அவர் எழுதினார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்ற வினாவை அதில் அவர் எடுத்துக்கொள்கிறார். ஒருவர் இடையறாமல் பத்து மணி நேரம் தூங்காவிட்டால் கெட்ட இரவு என்பார். இன்னொருவர் இடையிடையே கண்ணயர்ந்தாலே போதும், குறையில்லை என்பார். ஐந்து இரவும் பகலும் முற்றாகத் தூங்காமல் அதனாலேயே இறந்தவருக்கும், ஓரிரவு சிறிது விழித்தவருக்கும் ஒரே விடை சொல்லப்பட்டதைத் தாம் அறிந்திருப்பதாக எழுதுகிறார். எத்தனை மணி நேரம், இரவின் எந்தெந்த வேளைகளில் என்று கேட்டால் என்ன என்பது அவர் கேள்வி. சாட்சி உண்மை பேச விரும்பினாலே உண்மை வந்துவிடும் என்று நீதிமன்றங்கள் எண்ணுவதையும் அவ்விடத்திலேயே கண்டிக்கிறார். முழு உண்மையைச் சொல்ல நல்ல எண்ணம் போதாது; கவனிப்பும் நினைவும் வேண்டும் என்பது அவர் வாதம். புதுக்கடையில் இருந்தவன் என்ற முறையில் நான் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டேன்.

பசியில்லை என்ற சொல்லையும் அவர் சும்மா விடவில்லை. நோயாளி உண்ணாமைக்கு நான்கு காரணம் காட்டுகிறார்: சமையற் குறை, உணவைத் தெரிந்ததிற் குறை, கொடுத்த நேரத்திற் குறை, உண்மையிலேயே பசியின்மை. நான்கையும் ஒரே சொல்லில் மூடிவிடுவதால், முதல் மூன்றும் பிறருடைய தவறாயிருந்தும் பழி நோயாளிமேல் விழுகிறது. அவர் மெல்லப் பட்டினியால் இறக்கிறார். நோயின் துன்பம் என்று நாம் பெயரிடுவனவற்றுட் பல நோயால் வருவனவே அல்ல, தூய காற்றும் வெளிச்சமும் அமைதியும் இல்லாமையால் வருவன என்பதே அந்நூலின் அடிக்கல். கதவுக்கு வெளியே குசுகுசுக்கும் பேச்சு, யார் வருவார் என்ற ஏக்கம், என்ன நடக்குமோ என்ற அச்சம் ஆகியவை உடலுழைப்பிலும் அதிகமாக நோயாளரை வாட்டும் என்று அவர் எழுதினார். நோயாளரின் அனுபவத்தையும் நடத்தையையும் குறிக்கும் சொற்களுக்கு எல்லை வகுக்க இன்றைய தாதிமை ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர். அவ்வழியிலே முதலில் நடந்தவர் இவர்தான் என்பேன்.

என் கதையையும் இங்கே சொல்லியாகவேண்டும். என் தாயார் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் இறுதி நாட்களைக் கழித்தார். சிங்களம் அறியாதவர். தமிழறியாத இளந்தாதி காலைதோறும் வந்து, நன்றாக நித்திரை கொண்டாரா என்று கேட்பாள். அருகிலிருந்து அதனைத் தமிழாக்கியவன் நான். தாயார் ஓம் என்பார். பிறருக்குத் தொந்தரவு கொடுத்தறியாத பிறவி அவர். அந்த ஓம் பதிவிலே ஏறும். உளைவு தாங்காமல் விடியும்வரை ஒவ்வொரு மணியோசையையும் எண்ணிக்கொண்டு கிடந்தார் என்பதைப் பக்கத்துக் கட்டிற்காரியின் வாயாலேயே பின்னர் அறிந்தேன். தாதிமேல் எனக்கு வருத்தமில்லை. நீதிமன்றத்தில் அப்படியொரு வினா எழுந்தால் ஆட்சேபம் எங்கிருந்து வரும் என்று நிமிர்ந்து பார்த்துப் பழகியவன், அந்தக் கட்டிலருகே அதனை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன்.

1860இல் லண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் அம்மையாரின் பெயரால் தாதியர் பள்ளி தொடங்கிற்று. அதே ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டின் முன், எல்லா ஆஸ்பத்திரிகளும் நோய்களை ஒரே வகையான படிவத்தில் பதியவேண்டும் என்ற திட்டத்தை வைத்தார். இந்திய மண்ணை மிதியாமலே, படை நிலையங்களுக்கு வினாத்தாள்களை அனுப்பி அந்நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்தார். 1863இல் குடியேற்ற நாடுகளின் பள்ளிகள், ஆஸ்பத்திரிகள் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுக்கு இலங்கையிலிருந்தும் விவரங்கள் போயின. குறையே இல்லாதவர் என்று அவரைப் புகழ நான் வரவில்லை. நோய் தொற்றும் என்ற கொள்கையை நெடுங்காலம் அவர் ஏற்க மறுத்தார். தம்மோடு உழைத்தவர்களைக் களைப்பறியாமல் விரட்டினார்.

இப்பணிகளிற் பெரும்பகுதியை அவர் செய்தது படுக்கையிலிருந்து. கிரிமியாவில் 1855இல் கடுங்காய்ச்சல் கண்டவர், 1857 ஆகஸ்டில் முற்றாகச் சாய்ந்தார். பின்னர் பல்லாண்டுகள் அறையை விட்டு அரிதாகவே வெளிவந்தார். பார்க்க வருவோர் ஒருவர் பின் ஒருவராக, குறித்த நேரத்துக்கே வரவேண்டும். முதுகுநோவும் படபடப்பும் சோர்வும் அவரை ஆண்டாண்டாக வருத்தின. நரம்புத் தளர்ச்சி என்றனர். வேலையிற் சலித்ததனால் வந்தது என்றனர். பாசாங்கு என்று பின்வந்த வரலாற்றாசிரியர் சிலர் எழுதவும் செய்தனர். 1995இல் ஓர் ஆய்வாளர், அவருடைய நோக்குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, கிரிமியாவில் கண்ட காய்ச்சல் புறுசெல்லா என்னும் கிருமியால் விளைந்து நாட்பட்டு நின்றிருக்கலாம் என்று கருத்து வெளியிட்டார். அதுவும் ஊகமே, ஆயினும் அந்நோக்குறிகளை ஒருவர் ஒழுங்காக அடுக்கிப் பார்க்க அம்மையார் இறந்து 85 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

முதுமையில் கண்பார்வை மங்கிற்று, நினைவும் தளர்ந்தது. 1907இல் மன்னர் வழங்கிய உயர்விருது கட்டிலருகே கொண்டுவரப்பட்டது. 1910 ஆகஸ்டு 13ஆந் தேதி, 90ஆம் வயதில் உறக்கத்திலேயே மறைந்தார். வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் உடன்படவில்லை. ஹாம்ஷயர் மாவட்டத்துக் கிழக்கு வெல்லோவில், பெற்றோரின் பக்கத்தில் அடக்கஞ் செய்தனர். அங்குள்ள கல்லில் அவருக்கென்று பொறித்திருப்பவை பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளுமே.