பிளாஸ்திரி பிறந்தது ஒரு சமையலறையில்!

அரிவாள்மனையிலோ கத்தியிலோ கையை அறுத்துக்கொள்ளாத இல்லத்தரசி உண்டா? ரத்தம் வந்தால் ஒரு பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தப் பிளாஸ்திரி உருவானதே நம்மைப் போன்ற ஒரு குடும்பத் தலைவிக்காகத்தான் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாமே என்று எழுதுகிறேன்.

அதைக் கண்டுபிடித்தவர் ஏர்ல் டிக்சன். 1892-ல் அமெரிக்காவில் பிறந்தவர். டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில், ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்காகப் பஞ்சு கொள்முதல் செய்யும் வேலை. 1917-ல் ஜோசபின் என்ற பெண்ணைக் கைப்பிடித்தார்.

ஜோசபினுக்கு அடுப்படியில் அடிக்கடி விரலில் வெட்டு விழும், சூடு படும். அந்தக் காலத்தில் காயத்தின் மேல் சல்லாத்துணியை மடித்து வைத்து, டேப்பை வெட்டி ஒட்ட வேண்டும். ஒற்றைக் கையால் எப்படி முடியும்? ஒட்டினாலும் வேலைக்கு நடுவில் நழுவி விழுந்துவிடும்.

நம்மில் பல வீடுகளில் இதற்குக் கிடைப்பது, பார்த்துச் செய்யக் கூடாதா என்ற அர்ச்சனைதான்! டிக்சன் அத்தோடு விடவில்லை. தான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் மனைவி தானாகவே கட்டுப் போட்டுக்கொள்ள என்ன வழி என்று யோசித்தார்.

1920-ல் அந்த வழி கிடைத்தது. ஒட்டும் டேப்பை நீளமாக விரித்து, இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன சல்லாத்துணி மடிப்புகளை நடுவில் வைத்தார். அப்படியே சுருட்டினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமே! அதனால் கிரினோலின் என்ற விறைப்பான துணியால் மேலே மூடினார். அடிபட்டால் ஜோசபின் ஒரு துண்டு நறுக்கி, மேல் துணியை உரித்து, தானே ஒட்டிக்கொள்ளலாம்.

டிக்சன் இதைக் கம்பெனியில் சொல்ல, முதலாளிக்கும் பிடித்துப்போயிற்று. 1921-ல் பேண்ட்-எய்ட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஆனால், அப்போது கையால் செய்த நீளமான பட்டை. சுமார் 3 அங்குல அகலம், 18 அங்குல நீளம். வேண்டிய அளவுக்கு நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் வருடம் மொத்த விற்பனையே 3,000 டாலர்தான்! பிறகு சாரணர் படைச் சிறுவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். 1924-ல் மெஷினில் தயாரிக்க ஆரம்பித்த பிறகு வியாபாரம் சூடு பிடித்தது. டிக்சன் அதே கம்பெனியில் துணைத் தலைவராக உயர்ந்து, 1957-ல் ஓய்வு பெற்று, 1961-ல் காலமானார்.

என்னைக் கேட்டால் பாதிப் பெருமை ஜோசபினுக்குத்தான். முதன்முதலில் ஒட்டிப் பார்த்தது அவர் விரல்கள்தானே! ஆனால், கண்டுபிடித்தவர் என்ற வரிசையில் டிக்சன் பெயர் மட்டும்தான் நிற்கிறது.

ஒட்டுவதற்கு அவர் வழி செய்துவிட்டார். உரிப்பது நம் பாடாக இருக்கிறது. எங்கள் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. தோல் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வந்து, பழைய காயத்தோடு புதுக் காயமும் ஆகிவிடும். குழந்தைகளுக்கும் இதே கவனம் வேண்டும். நான் செய்வது இதுதான்:

பிளாஸ்திரியின் ஓரங்களில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தடவி ஐந்து நிமிஷம் விடுங்கள். ஆறாத புண்ணில் எண்ணெய் படக் கூடாது. பிறகு ஒரு கையால் தோலை மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரியை மேலே தூக்காமல், தோலை ஒட்டினாற்போல, முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே உரியுங்கள். ஓரத்தில் கறுப்பாகப் பசை தங்கியிருந்தால் பஞ்சில் எண்ணெய் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் இளகி வந்துவிடும். கடைசியில் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் பிசுக்கும் போய்விடும். பசை போக வேண்டும் என்று மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் தொடவே வேண்டாம், தோல் எரியும். நகத்தால் சுரண்டுவதும் கூடாது. சிவந்து தடித்தாலோ, கொப்புளம் வந்தாலோ, அந்தப் பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். நாம் தினமும் படும் சின்ன அவஸ்தை எதையாவது கவனித்து, அவரும் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் பிடிப்பார்!

– ஓர் இல்லத்தரசி